எருசலேம் திருப்பயணம்: மூன்று நாடு வேண்டாம், அந்த ஒரு நகரம் போதும்

2023 அக்டோபரில் போர் மூண்ட பிறகு அடியோடு நின்றுபோயிருந்த திருநாட்டுப் பயண நோட்டீஸ்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கோயில் வாசல்களில் மறுபடி தலைகாட்டுகின்றன. 'எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் – பத்து நாள்' என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் பிரமிடு, ஒரு பக்கம் ஒட்டகம், நடுவில் சிறியதாக எருசலேம். அந்த நோட்டீஸில் எருசலேமுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் பயணத்திலும் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போருக்கு முந்தைய தவக்காலத்தில் நானும் மனைவியும் அம்மாவும் இப்படி ஒரு குழுவில் சேர்ந்து சென்று வந்தோம். பங்கு மக்கள் யார் வந்து விசாரித்தாலும் வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நாலைந்து நோட்டீஸ்களை அருகருகே வைத்துப் பாருங்கள், பயண நிரல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

கட்டணம் ஆளுக்கு ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. விமானம், விசா, தங்குமிடம், காலையும் இரவும் உணவு, பஸ், உள்ளூர் வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். டிப்ஸ் என்று டாலரில் தனியே வசூலித்தார்கள். அது எவ்வளவு என்பதை முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எருசலேமைவிட வாடகை குறைவு என்பதால் பெரும்பாலான குழுக்களை பெத்லகேமில்தான் தங்க வைக்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான். அறை சுத்தம், வெந்நீருக்குக் குறைவில்லை, ஊழியர்கள் வயதானவர்களிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். ரொட்டியும் கொண்டைக்கடலைத் துவையலும் அம்மாவுக்குப் பிடித்துப்போயின. சோறுதான் ஒட்டவில்லை. அம்மா டப்பாவில் அடைத்து எடுத்து வந்த பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பாதிக் குழுவுக்குக் கை கொடுத்தன. இந்த வகையில் நிறுவனத்தின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

மனக்குறை நாட்களைப் பங்கிட்ட விதத்தில்தான். ஜோர்டானில் உள்ள பெட்ராவின் செந்நிறப் பாறையும் கெய்ரோவின் பிரமிடும் பார்க்கத் தக்கவைதாம். ஆனால் எழுபது வயதில், சீட்டுப் பணத்தையும் நகை அடகையும் நம்பி வருகிற திருப்பயணிகள் அவற்றுக்காக வரவில்லை. ஜோர்டானிலிருந்து நுழையும் ஆலன்பி பாலத்துக் குடிநுழைவு வரிசையில் பாதி நாள், எகிப்துக்குள் போகும் தாபா எல்லையில் பாதி நாள், சீனாய்ப் பாலைவனத்தில் பஸ்ஸுக்குள்ளேயே ஒரு பகல், கெய்ரோவில் வாசனை எண்ணெய்க் கடையும் பாப்பிரஸ் கடையும். இவ்வளவும் போக எருசலேமுக்கு மிஞ்சியது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளிலும் நினைவுப்பொருள் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது.

எங்கள் எதிர்வீட்டு ஆச்சி காசிக்குப் போய் வந்தவர். அங்கே நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் தங்கி, விடியற்காலையில் கங்கையில் முழுகி, விசுவநாதரைக் கண் நிறையப் பார்த்து, மறுநாளும் அதையே செய்து வந்தவர். நாங்கள் புறப்படும் அன்று ஐந்நூறு ரூபாய்த் தாளை என் கையில் வைத்து, "எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வா தம்பி. சாமி முன்னால் மட்டும் அவசரப்படாதே" என்றார். திருப்பயணிக்கு என்ன வேண்டும் என்பது, அவனுக்காகக் காசியில் சத்திரம் கட்டி வைத்த நகரத்தாருக்குத் தெரிந்திருந்தது. கூரை வேண்டும், ஒரு வேளைச் சோறு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நேரம் வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் எங்கள் பயணத்தையும் நான் மதிப்பிடுகிறேன்.

எருசலேம் நமக்கு ஏன் இத்தனை பெரியது? ஆண்டவர் கழுதைமேல் ஏறி நுழைந்ததும், மேல்மாடியில் அப்பத்தைப் பிட்டுத் தம்மையே கொடுத்ததும், கெத்சமனியில் வியர்வை இரத்தத் துளிகளாக விழ மன்றாடியதும், கல்வாரியில் அறையப்பட்டதும், மூன்றாம் நாள் உயிர்த்ததும் அந்த ஒரே ஊரில், ஒரே வாரத்துக்குள். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவி இறங்கித் திருச்சபை பிறந்ததும் அங்கேதான். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற பெண்மணி அங்கே சென்று, எருசலேம் மக்கள் புனித வாரத்தை எப்படி அனுசரித்தார்கள் என்பதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒலிவ மலையிலிருந்து குழந்தைகள் முதற்கொண்டு எல்லாரும் ஓலையும் கிளையும் ஏந்தி நகருக்குள் இறங்கி வந்தார்களாம். குருத்தோலை ஞாயிறன்று நம் ஊர்ப் பிள்ளைகள் தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறார்களே, அந்த நடை அந்த மலைச்சரிவில் தொடங்கியது. நாம் ஆண்டுதோறும் தேவகோட்டையில் நின்றபடியே எருசலேம் தெருக்களில் நடந்துகொண்டிருக்கிறோம்.

ஆயினும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று நமக்குக் கட்டளை இல்லை. இஸ்லாமியருக்கு ஹஜ் கடமை. நமக்கு அப்படி ஒன்றை ஆண்டவர் வைக்கவில்லை. சமாரியப் பெண்ணிடம், இந்த மலையிலும் அல்ல எருசலேமிலும் அல்ல, உண்மையாய் வழிபடுவோர் ஆவியிலும் உண்மையிலும் வழிபடும் காலம் வருகிறது என்றுதான் சொன்னார். பெத்லகேமிலேயே குடியிருந்து விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம்கூட, விண்ணகத்தின் வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே மாதிரி திறந்திருக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். 1693-ல் மறைச்சாட்சி அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூர்ச் செம்மண் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே முழந்தாளிட்டுச் சொல்லும் செபத்துக்கு மதிப்புக் குறைவா என்ன? பணமோ உடலோ இடங்கொடாதவர்கள் எருசலேம் போகவில்லையே என்று மனம் குன்ற வேண்டியதே இல்லை.

அப்படியானால் எதற்காகப் போவது? ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் போந்தியு பிலாத்துவின் பெயரைச் சொல்கிறோம். இத்தனை புனிதமான அறிக்கையில் ஒரு உரோமை அதிகாரியின் பெயர் ஏன் நிற்கிறது? இது ஓர் ஆட்சியில், ஓர் ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது என்று சொல்லத்தான். நம் விசுவாசம் கால் ஊன்றி நிற்கும் தரை ஒன்று உண்டு. அந்தத் தரையைப் போய்த் தொட்டுவிட்டு வருவதுதான் எருசலேம் பயணம்.

நான் ஆத்தங்குடிக் கல் செய்கிறவன். தரையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கல் சூளை காணாதது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்போம். பதித்த அன்று அது மங்கலாகவே இருக்கும். ஆட்கள் நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு ஏறும். கல்வாரியையும் ஆண்டவரின் கல்லறையையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் திருக்கல்லறைப் பேராலயத்தின் தரையும் அப்படி ஏறிய மினுமினுப்புத்தான். கல் வேறு, ஆனால் காரணம் ஒன்றே. ஓரங்களில் சொரசொரப்பும் நடுவில் வழவழப்புமாக, கூட்டம் எந்த வழியாகப் போய் எங்கே திரும்பியது என்பது கல்லிலேயே தெரிந்தது.

அந்த ஆலயத்தை நாங்கள் பார்த்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிரலில் அதற்கு ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம், அதுவும் நண்பகலில். கல்லறைச் சிற்றாலயத்தைச் சுற்றி வரிசை வளைந்து வளைந்து நின்றது. இரண்டு மணி நேரமாவது ஆகும், வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள், மதிய உணவுக்கு நேரமாகிறது என்று குழு மேலாளர் சொன்னார். அம்மா எதுவும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

எங்களோடு வந்த குருவானவர், அந்தச் சாமிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். "மதியச் சாப்பாட்டுக்கா இவர்கள் கடல் தாண்டி வந்தார்கள்?" என்று மேலாளரிடம் கேட்டார். அன்று இரவே ஓட்டுநரிடம் பேசி, மறுநாள் விடியுமுன் பஸ்ஸை ஏற்பாடு செய்தார். விரும்பியவர்கள் மட்டும் இருட்டோடு கிளம்பினோம். சோதனைச் சாவடியைக் கடந்து, பழைய நகரின் சந்துகளில் நடந்து போனபோது கடைகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்தப் பேராலயத்தின் சாவியை வைத்திருப்பதும் கதவைத் திறந்துவிடுவதும் தலைமுறை தலைமுறையாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பு. உள்ளே கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டியர், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு சபைகள். யாருக்கு எந்தத் தூண், யாருக்கு எந்த விளக்கு என்பது 1852-ல் ஒட்டோமான் சுல்தான் உறுதிப்படுத்திய ஏற்பாட்டின்படி இன்றும் நடக்கிறது. ஒற்றுமையில்லாததன் அடையாளம் என்று இதைப் பலர் குறைவாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விட்டுக்கொடுக்க மனம் வராத அளவுக்கு ஆறு சபையும் அந்தக் கல்லை நேசிக்கின்றன.

நுழைந்தவுடன் தரைமட்டத்தில் கிடக்கிறது தைலம் பூசிய கல். ஆண்டவரின் உடலைக் கிடத்தி நறுமணத் தைலம் பூசியதன் நினைவு. இப்போதிருக்கும் பலகை 1808 தீ விபத்துக்குப் பிறகு வைத்தது. அம்மா மெதுவாக முழந்தாளிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துண்டை அதன்மேல் விரித்து இரண்டு கையாலும் துடைத்தார். ஐயா இறந்த அன்று அவர் உடலைத் துடைத்ததும் அம்மாதான். பக்கத்தில் ஓர் எத்தியோப்பியப் பெண்மணி எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்துக் கல்லில் தடவிக்கொண்டிருந்தவர், அம்மாவின் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. அம்மா என் தோளைப் பிடித்து ஏறினார். பாறையைத் தொட, பீடத்துக்கு அடியில் குனிந்து வட்டத் துளைக்குள் கையை விட வேண்டும். விரலில் பட்ட குளிர்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது.

கல்லறைக்குள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர்தான் நிற்க முடியும். தலையைக் குனிந்து நுழைந்தால் வலப்பக்கம் பளிங்குப் பலகை. மேலே வரிசையாக விளக்குகள். 2016-ல் ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பழுதுபார்ப்புக்காக அந்தப் பலகையை நகர்த்தியபோது, கீழே இன்னொரு பழைய பலகையும், அதற்கும் கீழே பாறையில் வெட்டிய கல்லறைப் படுக்கையும் இருந்தன. பாறையோடு ஒட்டியிருந்த சாந்தை ஆராய்ந்து பார்த்ததில் அது கி.பி. 345 வாக்கில் பூசியது என்று தெரிந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய முதல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 335-ல். 1009-ல் ஒரு கலீபா இடித்துத் தள்ளினார், மறுபடி கட்டினார்கள். சிலுவைப்போர் வீரர்கள் விரித்துக் கட்டினார்கள், தீப்பிடித்தது, மறுபடி கட்டினார்கள். இத்தனைக்கும் அடியில் அந்தச் சாந்து இருந்த இடத்தில் இருந்திருக்கிறது. சாந்து குழைத்தே பிழைக்கிற எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. கையை அந்தப் பளிங்கின்மேல் வைத்தேன். அவ்வளவுதான்.

உலகத்தில் எத்தனையோ பெரியவர்களின் சமாதிகளுக்கு மக்கள் போகிறார்கள். அங்கெல்லாம் உள்ளே ஒருவர் இருக்கிறார். இங்கே மட்டும் உள்ளே யாரும் இல்லை என்பதைக் காணத்தான் உலகம் திரண்டு வருகிறது. அதிகாலையில் கல்லறைக்கு வந்த பெண்களிடம் தூதர் சொன்னதும் அதுவே: அவர் இங்கே இல்லை, உயிரோடு எழுப்பப்பட்டார். அம்மா வெளியே வந்து, "வெறுமையாக இருக்கிறதப்பா" என்றார். முகம் மலர்ந்து இருந்தது. ஆச்சியின் மெழுகுவத்தியை அங்கேயே ஏற்றினோம்.

இன்னொன்று. நாங்கள் போனபோது ஆலயத்தின் ஒரு பகுதியில் தரைக்கற்களைப் பெயர்த்துத் தடுப்பு வைத்திருந்தார்கள். 2022-ல் தொடங்கிய தரைச் சீரமைப்பு அது. பெயர்த்த இடங்களில் உரோமை சபியென்சா பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். அடிமண்ணில் ஒலிவமும் திராட்சையும் அந்தக் காலத்தில் பயிரான தடயங்கள் இருப்பதாக 2025-ல் செய்தி வந்தது. அவர் சிலுவையில் அறையப்பட்டிருந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று யோவான் எழுதியிருக்கிறாரே! அந்தச் செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெத்சமனி ஆலயம் 1924-ல் அந்தோனியோ பர்லூசி கட்டியது. ஊதா நிறக் கண்ணாடிகளால் உள்ளே நண்பகலிலும் அந்தி போலத்தான் இருக்கும். தோட்டத்தில் முதிர்ந்த ஒலிவ மரங்கள் எட்டு. அங்கே கிடைத்தது இருபது நிமிடம். ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லையா என்று ஆண்டவர் கேட்ட இடம் அது. பெத்தெஸ்தா குளத்தருகே இருக்கும் புனித அன்னா ஆலயத்தில் எங்கள் குழுப் பெண்கள் ஒரு மாதா பாட்டைப் பாடினார்கள். பாடி நிறுத்திய பிறகும் குரல் கல் வளைவுகளில் நின்றுகொண்டிருந்தது. சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலையில், சுவரில் பதித்த ஒரு கல் தொட்டுத் தொட்டுக் குழிந்து போயிருக்கிறது. மக்கள் அதை ஆண்டவர் கை ஊன்றிய இடமாக மதிக்கிறார்கள். பதினான்கு நிலைகளையும் எங்களை ஓட்டமும் நடையுமாகக் கடக்க வைத்தது தவறு. மரச்சிலுவையைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொள்ளக்கூட நேரம் இல்லை.

ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த செபத்தின் ஆலயத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தச் செபத்தை மெருகிட்ட ஓடுகளில் எழுதிச் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. நான் ஓட்டின் இணைப்புகளைத்தான் முதலில் பார்த்தேன், மயிரிழை பிசகாத வேலை. அம்மா விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டி, வகுப்பில் வாசிக்கும் பிள்ளையைப்போல் உரக்க வாசித்தார். குழு முழுவதும் சேர்ந்துகொண்டது.

வழிகாட்டி பெத்லகேம்காரர், பாலஸ்தீனக் கிறிஸ்தவர். எளிய ஆங்கிலத்தில் சொன்னார், சாமி தமிழில் எடுத்துச் சொன்னார். பேதுரு தம் மடலில் எழுதியதை நினைவூட்டி, "இங்கே பழைய கற்களைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள். உயிருள்ள கற்களான எங்களையும் ஒரு தடவை பாருங்கள்" என்றார். அங்கே கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒலிவ மரத்தில் சொரூபம் செதுக்குவது அவர்களில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஆகவே வாங்குங்கள், ஆனால் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்திடம் வாங்குங்கள். பழைய நகரின் அர்மீனியப் பகுதியில் ஓட்டுக் கடைகள் இருக்கின்றன. எருசலேமில் இஸ்லாமியரின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தின் ஓடுகளைப் பழுதுபார்க்க 1919-ல் அழைத்துவரப்பட்ட அர்மீனியக் கைவினைஞர்கள் தொடங்கிவைத்த தொழில் அது. நீலத்தில் மீன் வரைந்த ஓடு ஒன்றை வாங்கி வந்து என் பட்டறையில் மாட்டியிருக்கிறேன்.

கலிலேயக் கடலில் படகுப் பயணம் நன்றாக இருந்தது. கானாவில் தம்பதியர் வாக்குறுதியைப் புதுப்பித்தோம். நாசரேத்தில் அவசரம், யோர்தானில் கூட்டம்.

போக நினைப்பவர்கள் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எருசலேமில் எத்தனை இரவு? திருக்கல்லறை ஆலயத்துக்கு அதிகாலையில் அழைத்துப் போவீர்களா, கல்லறைக்குள் திருப்பலிக்கு முன்பதிவு செய்ய முயல்வீர்களா? கூடவே வரும் குருவானவர் யார், நிரலை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டா? இதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியும் வழுக்காத செருப்பும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், அந்த மினுமினுப்பான கற்கள் மழை பெய்தால் வழுக்கும். பாதுகாப்பு நிலவரத்தை வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எருசலேம் திருப்பயணத்துக்குத் தமிழக அரசு 2011-ல் அறிவித்த உதவித்தொகை முதலில் 20,000 ரூபாய், பின்பு 37,000 ரூபாய், அருட்சகோதரிகளுக்கு 60,000 ரூபாய் என்று உயர்ந்திருக்கிறது. சிறுபான்மையினர் நலத்துறையில் விண்ணப்பிக்க வேண்டும். இஸ்ரேலில் கடவுச்சீட்டில் முத்திரை குத்தாமல் சிறு நுழைவுச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எகிப்தையும் பெட்ராவையும் எடுத்துவிட்டு, பெத்லகேமும் எருசலேமும் கலிலேயாவும் மட்டும் போதும், எருசலேமில் ஐந்து இரவு என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் எங்கள் பங்கிலிருந்து ஒரு பஸ் ஆள் சேர்த்துத் தருகிறேன். முதல் முன்பணம் அம்மாவுடையது.